ஒரே சத்தம்

ஏப்ரல் 28, ஞாயிறு

ரெண்டாவது ஆல்பத்துக்கு இன்றைக்குத்தான் முதல் மைக் வைத்தோம். சென்னைக் கம்பெனியிலிருந்து எங்களைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தார்கள். ‘ஈரத்திரி. சிவகாசிப் பக்கத்து ராக் பேண்ட். காளீஸ்வரன் கிட்டார். ஜாபஸ் டிரம்ஸ். யோகேஸ்வரி பாட்டு, பேஸ் கிட்டார்’ என்று அனுப்பினேன். இதில் உணர்ச்சியே இல்லையே என்று பதில் வந்திருக்கிறது. பேர் எழுதுவதற்கு என்ன உணர்ச்சி வேண்டிக் கிடக்கிறது?

உள்ளதை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ. காளி நான் வேலை பார்க்கிற பிரஸ் முதலாளியின் மகன். ஜாபஸ் டீச்சரம்மா மகன். சர்ச்சில் கொட்டிப் பழகி, ஓவராகக் கொட்டுகிறான் என்று அங்கே வேண்டாமென்று சொன்ன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவன். நான் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் பண்ணுகிறவள். பகலெல்லாம் மயிலுக்குத் தோகை விரித்துவிட்டு, லீவு நாளில் மைக்கைப் பிடித்துக் கத்துகிறவள்.

ரெக்கார்டிங் காளி வீட்டுப் பேப்பர் குடோனில். திருத்தங்கலில் இதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது என்பது காளியின் கட்சி. சுற்றிலும் ரீம் ரீமாக ஆர்ட் பேப்பர், கை தட்டினால் எதிரொலியே வராது. ஆனால் வெக்கை ஆளைக் கொல்லும். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தால்தான் மூச்சு விடலாம்.

அக்கா மதியம் புளிச்சோறு கொண்டுவந்தாள். ‘லீவு’ பாட்டைப் பாடிக் காட்டினோம். மழை வந்தால் பயர் ஆபீஸுக்கு லீவு, நாளைக்கும் பெய்யட்டும், நாளைக்கும் லீவு என்று போகும். பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள் அவள்தான், நானில்லை. கேட்டுவிட்டு, “லீவு விட்டா அன்னைக்குக் கூலி உங்க பேண்டு தருமா?” என்றாள். காளி விழுந்து விழுந்து சிரித்தான். அழகுமீனா என்று பெயர் வைத்தவர்கள் அவள் வாயைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். அந்த வாயால்தான் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்திலேயே திரும்பி வந்தாள். நல்லதுக்குத்தான் வந்தாள்.

மே 19

மூன்று பாட்டு முடிந்தது. லட்சுமிகாந்தம் சார் சென்னையிலிருந்து கேட்டுவிட்டு, சுமார் என்றார். அவர்தான் எங்கள் ஆல்பங்களை மிக்ஸ் பண்ணுகிறவர். முதல் ஆல்பம் யாருக்கும் வந்துவிடும், ரெண்டாவதில்தான் பேண்டின் யோக்கியதை தெரியும் என்கிறார். சரி, தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 2

ஜாபஸுக்கும் காளிக்கும் சண்டை. டிரம்ஸ் ஓடுகிறது என்று இவன், கிட்டார் இழுக்கிறது என்று அவன். நடுவில் நான் பஞ்சாயத்து.

ஜூன் 18, செவ்வாய்

மெஷின் சர்வீஸ், பிரஸ்ஸுக்கு அரை நாள் லீவு. அம்மா காரியாபட்டிக்கு, சித்தி வீட்டு வளைகாப்புக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். அக்காவையும் கூப்பிட்டாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் போர்மேன் மூஞ்சியைத் தூக்குவான் என்று அவள் போகவில்லை.

கடைசிப் பாட்டு, ‘லீவு’ முடிந்தது! போனையெல்லாம் அணைத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம், இல்லாவிட்டால் ஆம்ப்பில் கிர்ரென்று இரைச்சல் ஏறும். ரெண்டாவது டேக் அம்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ரெண்டாம் சரணம் முடிந்து எல்லோரும் நிறுத்தி மூச்சு விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சரியாக அங்கே, மேற்கே எங்கேயோ டம்மென்று ஒரு சத்தம். ஷட்டர் ஆடியது. ஜாபஸ் குச்சியைத் தூக்கினபடி எங்களைப் பார்த்தான். எந்த ஆபீஸ்காரனோ சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிறான் என்றான் காளி. சாயங்காலம்தானே பார்ப்பான் என்றான் ஜாபஸ். புது அயிட்டமா இருக்கும்லே, பெருசா செஞ்சிருப்பான், என்றான் காளி. நான் சாம்பிள் பார்த்தவனின் ஏழு தலைமுறையையும் வைதேன். வராது வந்த டேக் போச்சே என்ற எரிச்சல்.

மூன்றாவது டேக் சொதப்பல். நாலாவது சுத்தம். கடைசிச் சரணத்தை நாலாவதில் பாடின மாதிரி நான் எப்போதுமே பாடினதில்லை. எனக்கே சிலிர்த்தது.

டீ வாங்கப் போன காளியை இன்னும் காணோம்.

ஜூன் 29

காளி டீ இல்லாமல் வந்தான்.

“யோகா, அக்கா எந்த ஆபீஸ்?” என்று கேட்டான். அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டான்.

போனைப் போட்டேன். அம்மா காரியாபட்டியிலிருந்து விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் பக்கம் ஒரு பெரிய சத்தம் கேட்டால் யாரும் முதலில் ஓடிப்போய்ப் பார்க்க மாட்டோம். போன் போடுவோம். எடுத்துவிட்டால் ஆள் இருக்கிறது. அன்றைக்கு ஊரே ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் மூணாவது டேக். அப்புறம் நாலாவது டேக்.

அக்கா இல்லை. அந்த வரிசை ரூம்களில் இருந்தவர்கள் யாருமே இல்லை.

எழுதியாச்சு. எழுதினால் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

முகத்தைக் காட்டவில்லை. துணியில் சுற்றியே தந்தார்கள். அம்மா துணியைப் பிரிக்கப் போனாள், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் செருப்பெல்லாம் வாசலில் இறைந்து கிடக்கிறதே என்று ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கல்லு மாதிரி நிக்கா பாரு, கூடப் பொறந்தவளா இவ, என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஜூலை 7

அம்மா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?

ஆஸ்பத்திரியில் கேட்டாள். போர்மேனிடம் கேட்டாள். மாலை போட வந்த கட்சிக்காரர்களிடம்கூடக் கேட்டாள். அவர்கள் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மாவும் மருந்து செலுத்தினவள்தான், நெஞ்சில் சளி கட்டிய பிறகு நின்றவள். அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வெடியாக வெடித்திருந்தால் உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முதலில் ஒன்று வெடித்து, பிறகு தீ ரூம் ரூமாகப் போயிருந்தால், நடுவில் நேரம் இருந்திருக்கும். எழுந்திருப்பாள். கதவைத் தேடியிருப்பாள். கூப்பிட்டிருப்பாள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அதைத்தான் விசாரிக்கிறாள். ஒருத்தி ஒரே வெடி என்கிறாள், இன்னொருத்தி அடுத்தடுத்து என்கிறாள், மூன்றாவது ஆள் வெளியூர். “நான் அன்னைக்கு இங்கன இருந்திருந்தா சத்தத்தை வச்சே சொல்லிருப்பேனே” என்று நெஞ்சில் குத்திக்கொள்கிறாள். வளைகாப்புக்குப் போனதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்கு என்னிடம் வந்தாள். நீ கேட்டியா புள்ள என்றாள். பாட்டுச் சத்தத்துல எதுவும் கேக்கலைம்மான்னு சொல்லிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு டம் கேட்டதே. அதைச் சொல்லியிருக்கலாமே. சொன்னால், கேட்டுட்டு என்ன செஞ்சேன்னு அடுத்த கேள்வி வரும்.

ஜூலை 15

வேலைக்குப் போனேன். பூச்சட்டி பெட்டி ஒன்று. குழந்தை சிரிக்கிற படம், பின்னால் பூ. குழந்தைப் பல் இன்னும் வெள்ளையாக இருக்கட்டும் என்று பார்ட்டி சொன்னார். வெள்ளையாக்கினேன்.

ஜூலை 16

அதே குழந்தை. இப்போது ரொம்ப வெள்ளையாம்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பிரஸ்ஸில் வருகிற வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, சூடம் காட்டி, ஏஜெண்டுகளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். முருகன் நாலு விதம், இயற்கைக் காட்சி, குழந்தைகள். முதலாளி என்னிடம், “உங்க ஆல்பம் என்னாச்சும்மா?” என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் கேட்டார். முடிஞ்சிருச்சுங்க, மிக்ஸிங்தான் பாக்கி என்றேன். அப்போதுதான் ஞாபகமே வந்தது, எங்களுக்கு ஒரு ஆல்பம் இருக்கிறது.

காளியும் ஜாபஸும் நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் எதற்கு? அனுப்புங்கள் என்றேன். எல்லா டேக்கையும் மொத்தமாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டான் காளி. பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 11

லட்சுமிகாந்தம் சார் கூப்பிட்டார். துக்கம் நடந்த பிறகு முதல் தடவை பேசுகிறார். கொஞ்சம் தொண்டையைச் செருமினார். பிறகு வேலைக்கு வந்தார். ‘லீவு’ ரெண்டாவது டேக்கில் அந்த இடைவெளியில் ஒரு சத்தம் வருதே, என்ன டிரம் அது, எப்படிப் பண்ணீங்க, இவ்வளவு வருஷத்தில் இப்படி ஒரு அடி நான் கேட்டதில்லை, என்றார்.

நான் போனைப் பக்கத்தில் இருந்த ஜாபஸிடம் கொடுத்தேன். அவன் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது அவன் சட்டை முழுக்க வேர்வை.

ஆகஸ்ட் 16, ஆடி கடைசி வெள்ளி

இருக்கன்குடி. அம்மா நேர்ந்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. கூட்டம் நெரிகிறது. தீச்சட்டி, ஆட்டுக்கிடா, அலகு, அழுகிற பிள்ளை. அம்மா கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து மணலில் உட்கார்ந்ததும், “மாரியாத்தாகிட்டயும் அதைத்தான் கேட்டேன்” என்றாள்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ரெண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். யாருக்குமே தெரியாத ஒன்றை எத்தனை பேரிடம்தான் கேட்பாள்.

ஆகஸ்ட் 25

குடோனுக்குப் போனேன். ஜூனுக்குப் பிறகு இன்றைக்குத்தான். லட்சுமிகாந்தம் சார் சென்னையிலிருந்து வந்திருந்தார். நேரில் பேச வேண்டும் என்று சொல்லி வந்தார், அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர்.

அந்தச் சத்தத்தைப் பாட்டில் வைக்க வேண்டும் என்றார். இது நடந்தது, இதை நீங்கள் அழித்தால் நடக்காதது போல் ஆகிவிடும், என்றார். வேண்டாம் சார் என்றான் காளி, அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. ஜாபஸ் அவர் பக்கம். விபத்துச் செய்தியைப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டு மூடிவிட்டார்கள், இதுவாவது சாட்சியாக இருக்கட்டும் என்றான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கேட்டுட்டுச் சொல்றேன்னு ஹெட்போனை மாட்டினேன்.

டம். உடனே என் குரல், சாம்பிள்காரனை வையுது. காளி சிரிக்கிறான். அதுக்கு அடியில, தள்ளி, இன்னொரு சத்தம். சின்னதா. அப்புறம் சேர்ந்தாப்புல ரெண்டு மூணு. அப்புறம் ஒண்ணுமில்ல. ஜாபஸ் தண்ணி குடிக்கிறான், பாட்டில் மூடியைத் திருகுறான். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. மறுபடியும் ஒண்ணு, அதுதான் கடைசி.

நாங்க பேச்சு மும்முரத்துல இருந்திருக்கோம். எங்க காதுல விழலை. மைக்குல விழுந்திருக்கு.

அம்மா ஊரெல்லாம் கேட்டு, சாமிகிட்டயும் கேட்ட கேள்விக்குப் பதில் என் காதுல மாட்டியிருந்துச்சு. ஹெட்போனைக் கழட்டினேன். ஒயரைச் சுத்தினேன். முடிச்சு விழாம ஒழுங்காச் சுத்தி வச்சேன்.

லட்சுமிகாந்தம் சாருக்கு அது என்னவென்று புரியவில்லை. பின்னாடி பேச்சும் ஏதோ தடதடப்பும் இருக்கு, அதெல்லாம் வேண்டாம், ரெண்டாவது டேக்கை அந்தச் சத்தம் முடியுற இடத்துல வெட்டிடுவேன், அங்கேயிருந்து நாலாவது டேக்கை ஒட்டிடுவேன், உங்க கடைசிச் சரணம் அதுலதான் பிரமாதமா இருக்கு, என்றார்.

சரி சார் என்றேன்.

வெளியே யாருக்கும் இது என்ன சத்தம் என்று சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஒத்துக்கொண்டார். காளி எழுந்து ஷட்டருக்கு வெளியே போய்விட்டான்.

ஏன் சரி என்றேன்? வேண்டாம் என்று சொல்வதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. எனக்கு ஒன்றும் இல்லை. பசி இல்லை, கோபம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, அப்படி.

செப்டம்பர் 20

ஆல்பம் வெளியாகிவிட்டது. பெயர் ‘லீவு நாள்’. தீபாவளி வாரத்தில் விடலாம் என்றது கம்பெனி. தீபாவளி வாரத்தில் எங்கள் ஊரில் எவனுக்கும் மூக்கைச் சொறிய நேரம் இருக்காது என்று ஜாபஸ் சொல்லித்தான் முன்னால் தள்ளினார்கள்.

காளி கேக் வாங்கிவந்தான். வெட்டவில்லை. அப்படியே பிரஸ்ஸில் கொடுத்துவிட்டோம்.

செப்டம்பர் 28

‘லீவு’ ஓடுகிறது. ஓடுகிறது என்றால் சாதாரண ஓட்டம் இல்லை. ரீல்ஸ் போடுகிறார்கள். ஒருத்தன் டம்முக்குக் கிணற்றில் குதிக்கிறான். ஒரு கல்யாணப் பெண் டம்முக்குத் திரும்பிப் பார்க்கிறாள். ஒருத்தன் பூனைக்குட்டியைப் போட்டிருக்கிறான், டம்முக்குப் பூனை துள்ளுகிறது. ஜாபஸ் போனைத் தூக்கி எறிந்தான், ஸ்கிரீன் போனதுதான் மிச்சம். நான் பூனையை ரெண்டு தடவை பார்த்தேன்.

அக்டோபர் 6

விமர்சனங்கள். காளி படித்துக் காட்டினான். முதல் ஆல்பத்தின் ஆவேசம் இதில் இல்லை என்று ஒருத்தர். முதிர்ச்சி என்று ஒருத்தர். இன்னொருத்தர் எழுதியிருக்கிறார்: ‘லீவு பாட்டில் வருகிற வெடிச் சத்தம் அப்பட்டமான செயற்கை. சிவகாசிக்காரர்கள் என்று ஞாபகப்படுத்த இப்படி ஒரு மலிவான உத்தி தேவையா? உண்மையான வெடி விபத்தின் சத்தம் இப்படி இருக்காது.’

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. காளி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான். அந்த மனுஷனை ஒருநாள் நேரில் பார்த்து, எப்படி இருக்கும் சொல்லுங்கள் சார் என்று கேட்க வேண்டும்.

அக்டோபர் 31, தீபாவளி

ஊர் முழுக்க வெடி. நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

நவம்பர் 24, ஞாயிறு

இதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

விருதுநகர் பொருட்காட்சித் திடல், சாயங்கால நிகழ்ச்சி. தீபாவளி முடிந்து ஆபீஸ்களுக்கு லீவு, அதனால் நம் ஜனம் வரும் என்றார்கள். வந்தது. பின்னால் காலேஜ் பையன்கள், முன்னால் பூராவும் பெண்கள். பயர் ஆபீஸ் ஆட்கள் என்று பார்த்தாலே தெரியும், விரல் நகத்தில் சாம்பல் கறை போகவே போகாது. அம்மா வரவில்லை.

ஆறாவது பாட்டு ‘லீவு’. அந்தச் சத்தத்தை ஜாபஸ் பக்கத்தில் ஒரு பேடில் ஏற்றி வைத்திருந்தார்கள், அவன் குச்சியால் தட்டினால் வரும். ரெண்டாம் சரணம் முடித்தேன். எல்லோரும் நிறுத்தினோம். அவன் என்னைப் பார்த்தான். தட்டினான்.

அம்மாடி, அம்புட்டுப் பெரிய ஸ்பீக்கர். தரை அதிர்ந்துச்சு. பின்னாடி பையன்க ஓன்னு கத்தினானுக. முன்வரிசையில ஒரு அம்மா மடியில கிடந்த போனை எடுத்துச்சு. பக்கத்துல இருந்தவுகளும் எடுத்தாக. அப்புறம் அடுத்த வரிசை. அப்புறம் அதுக்குப் பின்னாடி. ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் பேசிக்கலை. எல்லாரும் காதுல வச்சுக்கிட்டு, மேடையைப் பாக்காம மேக்க பாத்துக்கிட்டிருந்தாக. கடைசிச் சரணம் நான் எடுக்கணும். எங்கன இருக்கே, சோறு தின்னுட்டியா, சரி வை, இதுதான் கேக்குது எனக்கு. இவுக கூப்பிட்ட அத்தனை பேரும் போனை எடுக்காக.

அன்னைக்கு நான் போடவே இல்லையே. போட்டிருந்தா எடுத்திருப்பாளா? முதல் சத்தத்துக்கும் கடைசிச் சத்தத்துக்கும் நடுவுல எடுத்திருப்பாளா? போனைக் கேட்லயே வாங்கி வச்சுருவானுக, எடுத்திருக்க முடியாது. முடியாதுதான். ஆனா போடலையே நான்.

மைக்கில் சொன்னேன். “யாருக்கும் ஒண்ணுமில்ல. போனை வச்சுருங்க. இது ஜூன் மாசத்துச் சத்தம். எங்க அக்கா உள்ள இருந்தா.”

பையன்களும் அமைதியாகிவிட்டார்கள். முன்னால் போன் எடுத்த அம்மா எழுந்து நின்றது. “எங்க வீட்டு ஆளும் அங்கனதான் தாயி” என்றது. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. காளி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். அதோடு நிகழ்ச்சி முடிந்தது.

நவம்பர் 25

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் எழும்புவதற்குள் பக்கத்து வீட்டில் யாரோ வீடியோவை அம்மாவிடம் காட்டிவிட்டார்கள்.

“பாட்டுச் சத்தத்துல கேக்கலைன்னியே” என்றாள். அவ்வளவுதான்.

அடித்திருக்கலாம். அக்கா சாவை விற்றுவிட்டாயே என்று வைதிருக்கலாம். தோசையைச் சுட்டு என் முன்னால் வைத்துவிட்டு, தனக்குச் சுடாமல் எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 28

அம்மா பேசவில்லை.

டிசம்பர் 1

பாட்டை எடுத்துவிடச் சொல்லி லட்சுமிகாந்தம் சாரிடம் சொன்னேன். ஆல்பத்தின் உயிரே அதுதான் யோகா என்றார். அதனால்தான் சார் என்றேன். எல்லா இடத்திலிருந்தும் இறக்க ஒரு வாரம் ஆகும், செய்துவிடலாம் என்றார். ஜாபஸ் அழுதான், அதைத் தட்டினது நான்தானே என்று. காளி சரி என்றான். எங்களுக்குள் இப்படி ஒத்துப்போனதே கிடையாது.

இனி அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது? எடுத்தாச்சும்மா என்று சொன்னால் போதுமா?

டிசம்பர் 4

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அதைப் போடு” என்றாள்.

வேண்டாம்மா என்றேன். போடு என்றாள். எடுக்கச் சொல்லிட்டேன்மா, இந்த வாரம் போயிரும் என்றேன். போறதுக்கு முன்னாடி போடு என்றாள்.

போட்டேன். போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சரணம், ரெண்டாம் சரணம், என் குரல் போனுக்கும் அவள் காதுக்கும் நடுவில் கொசு மாதிரி. டம் வந்தபோது அவள் தோள் மட்டும் லேசாக அசைந்தது. கடைசி வரை கேட்டாள். இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் கடைசி வரை கேட்டாள். மருந்து ரூமில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்த காது, எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும்.

“இதுக்குப் பெறகு வேற சத்தம் இல்லையா?”

நான் அவளைப் பார்த்தேன். ஜூனிலிருந்து தூங்காத கண்.

“இல்லம்மா.”

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

அம்மா போனை மடியில் வைத்தாள். “ஒரே சத்தம்” என்றாள். “அப்ப எம்புள்ளைக்குத் தெரியாது. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.” பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழுத மாதிரி இல்லை, காய்ச்சல் விடுகிறபோது வேர்க்குமே, அப்படி அழுதாள். என்னையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நெஞ்செல்லாம் வலிக்குது எனக்கு. ஜூன்ல இருந்து இன்னைக்குத்தான் வலிக்குது. அவ சந்தோஷப்படுறா, நான் துடிக்கேன், ரெண்டு பேரும் ஒரே மடியில.

வேலைக்குப் போகவில்லை. மதியம் லட்சுமிகாந்தம் சாருக்கு மெசேஜ் போட்டேன். ‘பாட்டை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.’ காரணம் கேட்டார். சொல்லவில்லை.

டிசம்பர் 5

காளியிடம் ரெண்டாவது டேக்கை அழிக்கச் சொன்னேன். எதையும் கேட்காமல் அழித்தான். சென்னையிலும் அழிக்கச் சொல்லு என்றேன். அதற்கும் தலையாட்டினான். சார் குடோனுக்கு வந்த அன்றைக்கு, எனக்கு முன்னாலேயே அவனும் அதை முழுசாகக் கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் வெளியே எழுந்து போயிருக்கிறான்.

டிசம்பர் 9

அம்மா மத்தியானம் ரெண்டாந்தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

காரியாபட்டிச் சித்தி வந்திருந்தாள், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. வந்ததும் வராததுமாக அம்மா என் போனை வாங்கி, தானே தேடி, பாட்டைப் போட்டாள். இப்போதெல்லாம் யார் வந்தாலும் போடுகிறாள். ‘லீவு’ பாட்டுக்கு எங்கள் தெருவில் எம்புட்டு ரசிகர்கள் என்று சென்னையில் யாருக்கும் தெரியாது.

“கேளு, ஒரே சத்தம்தான். பெறகு இருக்கான்னு நீயே பாரு” என்றாள்.

டம் வந்தது. பிள்ளை திடுக்கிட்டது, சித்தி தட்டிக் கொடுத்தாள். பிறகு அக்கா தங்கை ரெண்டு பேரும் போன் பக்கம் குனிந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கடைசி வரை காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வேறு சத்தம் எதுவும் இல்லை. அந்த இடம் முழுக்க நான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

நல்லாப் பாடியிருக்கே புள்ள, என்றாள் சித்தி.